ஏழரையாவது தரிப்பு

1

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு மகள் அபி கப்பல் சீட்டு எடுத்துத் தந்தாள். அலாஸ்காக் கரையோரமாகப் போகும் உல்லாசக் கப்பல்.

"ஐஸ் பாக்கிறதுக்கு இவ்வளவு தூரம் போறதோ? ஜனவரியில வாசலைத் திறந்தா அது தானா வீட்டுக்கு வருமே," என்றாள் என் மனைவி ரஞ்சி.

மொன்றியலில் இத்தனை வருடமாகப் பனி அள்ளி இடுப்பு ஒடிந்த எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் பிள்ளை ஆசையாகத் தந்ததைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருக்கும் வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

கப்பல் ஒரு சிறு துறைமுகத்தில் எங்களை இறக்கியது. ஒரு காலத்தில், மலைக்கு அப்பால் தங்கம் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிய ஊர். தங்கமும் போய், தேடியவர்களும் போய், இப்போது எங்களைப் போல மழைக்கோட்டுப் போட்டவர்கள் இறங்கி, ரீசேர்ட் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இறங்குதுறையில் ஒரு பெண் ஆளுக்கொரு வரைபடம் தந்தாள். மரபு நடையாம். கூட்டிப் போவதற்கு யாரும் இல்லை. கட்டடச் சுவர்களில் எண் இருக்கும், தாளில் அந்த எண்ணுக்குரிய கதை இருக்கும், நாங்களாகவே நடந்து வாசித்துக்கொள்ள வேண்டும்.

"வழி காட்ட ஒருத்தரும் வரமாட்டினமோ?" என்று ரஞ்சி கேட்டாள்.

"இல்லை. நாங்களாத்தான் கண்டுபிடிச்சுப் போகவேணும்."

"அப்ப எங்களுக்குப் பழகின விசயம்தானே," என்று குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

2

முதலாம் எண் ஒரு சாராயக்கடை. ஒற்றைத் தட்டு மர வீடுதான். தெருவைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இரண்டு மாடி உயரத்துக்குப் பலகை அடித்து, பெரிய மாளிகை போலக் காட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது.

அடுத்த எண் சூதாட்டக் கூடம் நடத்தியவருடையது. அவரைத் தாள் முன்னோடி என்றது. அதற்கடுத்தது, இல்லாத சுரங்கத்துக்கு வரைபடம் விற்றவர். அவர் துணிச்சலான வியாபாரியாம், அவரும் முன்னோடி. தங்கம் தேடிப் போய்க் கால்விரல்கள் பனியில் கருகி வெறுங்கையோடு திரும்பியவர் முன்னோடி. சிறைச்சாலை கட்டியவர் முன்னோடி, அதற்குள்ளே இருந்தவரும் முன்னோடி. தங்கத்துக்கு முன்பிருந்தே அந்த மண்ணுக்குச் சொந்தமான மக்களைத் தேடினேன். தெருவின் கடைசியில், மழையில் நிறம் போன ஒரே ஒரு பலகை அவர்களுக்கு. அவர்களை முன்னோடி என்று யாரும் எழுதவில்லை.

நடுவில் ஒரு கடையில், தண்ணீர்த் தொட்டிக்குள் மண்ணைக் கொட்டி, தட்டால் அரித்துத் தங்கத்தூள் எடுத்துக் காட்டும் விளையாட்டு நடந்தது. கடைக்காரப் பையன் ரஞ்சியிடமும் தட்டை நீட்டினான். அவள் கழுத்துச் சால்வையைக் கொஞ்சம் விலக்கித் தாலிக்கொடியைக் காட்டிவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தத் தெருவில் அன்றைக்கு இருந்த அசல் தங்கம் அதுதான். பையன் வாயைப் பிளந்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஒன்பதாம் எண்ணில் நான் நின்றுவிட்டேன். சின்ன மர வீடு, கண்ணாடிக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்பு அடுப்பு. அக்னஸ் என்ற பெண்ணின் வீடாம். கப்பலால் இறங்கிய கையோடு கூடாரம் அடித்து அடுப்பு மூட்டினவளாம். ஊருக்கு நகரசபை என்று ஒன்று வருவதற்கு முன்பே அவளுடைய சாப்பாடு வந்துவிட்டதாம். பசித்து வந்த எவனையும் திருப்பி அனுப்பாத முன்னோடி என்று முடித்திருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, மழையெல்லோ பெய்யுது. ஏன் மரமாட்டம் நிக்கிறியள்?"

"நகரசபைக்கு முதல் அடுப்பு எண்டா என்ன அர்த்தம்? பெர்மிட் இல்லை எண்டதுதானே?"

"இருக்கட்டுமேன். உங்களுக்கு என்ன?"

"பிலோமினா அக்கா," என்றேன்.

குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ரஞ்சியும் அடுப்பைப் பார்த்தாள்.

3

நடையின் கடைசிப் பலகையில் மலைக் கணவாயின் படம் இருந்தது. அந்தக் கணவாயைத் தாண்டினால் கனடா. உச்சியில் கனடியப் பொலிஸ்காரர் நின்றார்களாம். ஒரு வருடத்துக்குத் தேவையான சாப்பாட்டுச் சாமான் கொண்டுவராதவனை உள்ளே விடமாட்டார்களாம். அதனால் ஒவ்வொருவனும் மாவும் அவரைக்கொட்டையும் உப்புக்கண்டமும் முதுகில் கட்டி, ஏறி இறங்கி ஏறி இறங்கிச் செத்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கனடாவுக்குள் நான் நுழைந்தபோது என்னிடம் ஒரு தோள்பை இருந்தது. அதற்குள் அம்மா கட்டித் தந்த பனங்கட்டிக் குட்டான், ஓலைப்பெட்டியில் அடைத்த பனைவெல்லம், இருந்தது. விமானநிலையத்தில் அதிகாரி அதை விரலால் அழுத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார், பிறகு குப்பைத் தொட்டிக்குள் போட்டார். ஒரு வருடச் சாப்பாட்டுக்கு எங்கே போவது? ஒரு நேரத்துக்கே வழியில்லை.

அந்த ஒரு வருடச் சாப்பாடு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பேஸ்மென்டில் இருந்தது. பிலோமினா அக்கா மன்னார்க்காரி, வேதக்காரி என்று நாங்கள் சொல்லும் கத்தோலிக்கப் பெண். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த மனிசன் வாய் திறந்து கதைத்ததை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மொன்றியலில் வீட்டு அறைகளை அரைக் கணக்கிலேயே எண்ணுவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. குளியலறையை யாரும் முழு அறையாக மதிப்பதில்லை, அது அரை. அக்காவின் வீடு மூன்றரை. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு குசினி, அந்த அரை. இதற்குள் அவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். சாப்பிட நாங்கள், அகதியாக வந்து இறங்கிய பெடியன்கள், ஒரு பட்டாளம் வந்தோம்.

ஒருவன் ஹோட்டலில் சட்டி கழுவுவான், ஒருவன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நிற்பான், ஒருவனுக்கு விடிய வேலை, ஒருவனுக்கு மத்தியானம். யார் எப்போது பசியோடு வருவான் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் திறப்பு வெட்டிக் கொடுக்க வீட்டுக்காரக் கிரேக்கர் சம்மதிக்கவில்லை. அக்கா ஒரு வேலை செய்தார். கதவைப் பூட்டுவதையே விட்டுவிட்டார். பனிக்காலத்தில் காற்று கதவைத் தள்ளித் திறந்து, உள்படி வரைக்கும் பனி வந்து கிடக்கும். நாங்கள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே போனால் மூடி வைத்த சட்டிகள் சூடாக இருக்கும்.

ஜான்-டலோன் சந்தையில் கடை கட்டும் நேரமாகப் பார்த்து அக்கா போவார். பீட்ரூட் விற்கிறவர்கள் இலையைத் திருகி எறிந்துவிடுவார்கள். "இலையை எறியிற சாதியும் உலகத்தில இருக்கே," என்று சொல்லிச் சொல்லி அதைப் பொறுக்கி வந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பார். அந்த வறையும், தகரத்தில் அடைத்து வரும் ரின்மீனில் வைத்த குழம்பும், சோறும். கையில் இருந்தவன் ஏதாவது கொடுத்தான், இல்லாதவன் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தான். கருவாடு பொரித்த நாளில் மேல்வீட்டுக் கிரேக்கப் பெண் மணம் தாங்காமல் சண்டைக்கு வந்தாள். போகும்போது ஒரு தட்டுச் சோற்றோடு போனாள். பிறகு கருவாடு பொரிக்காத நாட்களில்தான் ஏன் என்று கேட்க வந்தாள்.

4

குசினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். அடுக்களையை நாங்கள் குசினி என்போம். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போனவற்றில் இந்தச் சொல்லும் ஒன்று. பிரெஞ்சுக்காரர் அதே இடத்தைக் குய்ஸின் என்கிறார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் என்று அந்த நாளில் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்துக்கு நான் போன முதல் நாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒரு நீளமான பட்டியலைப் பிரெஞ்சில் வாசித்தாள். காற்று மாதிரிப் போய்க்கொண்டிருந்த வாசிப்பில் திடீரென்று ஒரு சொல் எங்கள் வீட்டுச் சொல்லாகக் காதில் விழுந்தது. "ஓம்! குசினி! குசினி!" என்று எழும்பிவிட்டேன். ஒரு வார்த்தை விளங்கிவிட்ட சந்தோசம், வேறொன்றுமில்லை. அவள் நான் தேர்ந்த சமையல்காரன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதினாள். யாழ்ப்பாணத்தில் நான் படவரைஞர் வேலை பழகிக்கொண்டிருந்தவன். அடுத்த கிழமை ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் என் உயரத்துக்குச் சட்டிகளை அடுக்கி வைத்துக் கழுவச் சொன்னார்கள்.

நான் மட்டும் என்றால் பரவாயில்லை. எனக்குப் பின்னால் போன நண்பன் குலம் அதே சொல்லைக் கேட்டு அதே மாதிரி எழும்பியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் போனவனும் அப்படியே. மொன்றியல் உணவகங்களின் பின்பக்கமெல்லாம் எங்கள் பெடியன்கள் நிறைந்ததற்கு ஆராய்ச்சிக்காரர் ஆயிரம் காரணம் எழுதுவார்கள். என் கணக்கில் காரணம் இந்த ஒரு சொல்தான்.

அன்றைக்குப் பிலோமினா அக்காவிடம் போய் வேலை கிடைத்த கதையைச் சொன்னேன். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சுடுதண்ணி வைக்கத் தெரியாத உனக்குக் குசினி வேலையோ? பிரெஞ்சுக்காரன் செத்தான் போ!"

சிரித்து முடித்துவிட்டுச் சோறு போட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைக் குழம்பின் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

5

பயணம் முடிந்து வந்த முதல் ஞாயிறு அபி சாப்பிட வந்தாள். அவள் படித்தது வரலாறு. டாக்டருக்குப் படிக்கவில்லையே என்று அந்த நாளில் ரஞ்சி கண்ணீர் விட்டாள். இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சிறு வரலாற்றுச் சங்கத்தில் வேலை. வீட்டுக்குள் வந்தால் அம்மாவோடு தமிழ், தொலைபேசியில் பிரெஞ்சு, கோபம் வந்தால் ஆங்கிலம்.

நான் அலாஸ்கா வரைபடத்தை மேசையில் விரித்தேன். அவள் துள்ளினாள்.

"அப்பா, இதையேதான் நானும் செய்யிறன்! பார்க் எக்ஸுக்கு. நம்பர் எல்லாம் போட்டாச்சு. பன்ரெண்டு தரிப்பு."

ரயில் நிலையம், கிரேக்கர் கோயில், பழைய பால் நிலையம் என்று வரிசையாகச் சொன்னாள். நான் பொறுமையாகக் கேட்டேன்.

"நாங்கள் எங்கை?"

"பதினொண்டில. 'பல்வேறு குடியேறிய சமூகங்கள்' எண்டு இருக்கு. அதுக்குள்ள நாங்களும் இருக்கிறம்."

"பல்வேறு எண்டா ஆர்? பல்வேறு எண்டு உனக்கு ஒரு மாமா இருக்கிறாரோ?"

ரஞ்சி சோற்றுக் கரண்டியால் என் கையில் தட்டினாள். நான் நிறுத்தவில்லை. அலாஸ்காவில் கள்ள வரைபடம் விற்றவனுக்கும் ஒரு பலகை இருக்கிறது, எங்களுக்குச் சோறு போட்டவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். பிலோமினா அக்காவின் கதை முழுவதையும் சொன்னேன். அபி சின்ன வயதில் அரைகுறையாகக் கேட்ட கதைதான். இந்த முறை சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டாள். கடைசியில், சங்கத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு ஒரு தாளோடு வந்தாள். முகத்தில் வெற்றி. மேலே இருந்த தலைப்பைப் பார்த்தேன். குய்ஸின் கிளாந்தெஸ்தின். கீழே, ஒரு தமிழ்ப் பெண் அனுமதி பெறாமல் தன் நாட்டவருக்குச் சமைத்து வந்தாள் என்று இருந்தது.

"இதென்ன கிளாந்தெஸ்தின்? ஒளிச்சு நடத்தினதோ? சாராயம் காய்ச்சினதோ?"

"எகூத், கேளுங்கோ அப்பா, பெர்மிட் இல்லைத்தானே. அது உண்மைதானே. அந்தச் சொல் செக்ஸியா இருக்கு, ஆக்கள் நிண்டு வாசிப்பினம்."

அப்பனுக்கு முன்னால் சொல்கிற சொல்லா அது? ரஞ்சி கதவைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"அக்னஸிட்ட பெர்மிட் இருந்ததோ? அவள் முன்னோடி, எங்கட அக்கா கள்ளியோ? அது கிடக்கட்டும், அக்கான்ர பேர் எங்கை?"

அபியின் குரல் இறங்கியது. வீட்டு ஒப்பந்தம் கணவரின் பெயரில்தான் இருந்ததாம். பிலோமினா என்று ஒருத்தி அங்கே சமைத்ததற்கு எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லையாம். வாய் திறந்து கதைக்காத மனிசனின் பெயர் நகரத்தின் ஆவணத்தில் இருக்கிறது. ஒரு நகரத்துப் பெடியன்களுக்கே சோறு போட்டவளின் பெயர் இல்லை.

"பேர் இல்லாட்டி வேண்டாம். ஒண்டும் வேண்டாம். கிழிச்சுப் போடு," என்றேன்.

"கிழிக்கிறதுக்கோ நான் சண்டை பிடிச்சனான்?" என்று அவளும் கத்தினாள். கத்தியது தமிழில். அதற்காகவே நான் கொஞ்சம் தணிந்தேன். பெயர் போடுவதானால் ஆள் உயிரோடு இருக்கும்போது அவருடைய சம்மதமும் வேண்டும் என்றாள். சரி, அதையாவது முதலில் வாங்குவோம் என்று இருவரும் புறப்பட்டோம்.

6

பிலோமினா அக்கா இப்போது நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், வயதானவர்களுக்கான அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம். சுவரில் அந்தோனியார், யன்னலடியில் கறிவேப்பிலைச் சட்டி. நாங்கள் போன உடனே தேத்தண்ணிக்கு வைத்தார்.

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே வெளிறிவிட்டது.

"வேண்டாம், தம்பி. அந்தக் கதையை ஏன் இப்ப எடுக்கிறாய்? லைசன்ஸ் இல்லாமல் சமைச்சது. பேந்து அவங்கள் கடிதம் போட்டு, என்ர பென்சனில கை வைச்சாங்கள் எண்டா?"

"அக்கா, நாப்பது வருசம் ஆகப் போகுது."

"அவங்கடை கம்பியூட்டருக்கு நாப்பது வருசம் என்ன, நாநூறு வருசம் என்ன. தெருவால போற சனியனை வீட்டுக்க கூப்பிடாதை."

அவர் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் நீளமான கடித உறையைக் கண்டால் நெஞ்சிடிக்கும். குடியுரிமை கிடைத்தும் அது போகவில்லை. வீடு வாங்கியும் போகவில்லை. நான் எழும்பிவிட்டேன். வற்புறுத்தக் கூடாது என்று நினைத்தேன்.

அபி எழும்பவில்லை. "மாமி, நாங்கள் என்ன எழுதியிருக்கிறம் எண்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டட்டே? பிறகு நீங்கள் நோ சொல்லுங்கோ," என்று தாளை எடுத்தாள். தலைப்பைப் பிரெஞ்சில் வாசித்தாள். அக்கா விளங்காமல் என்னைப் பார்த்தார். அபி தமிழைத் தேடினாள். அவளுக்குச் சின்ன வயதில் தெரிந்த சொல்தான் வாயில் வந்தது.

"எண்டா... கள்ளக் குசினி."

நான் தலையில் கை வைத்தேன். எங்கள் ஊரில் கள்ளக் காசு உண்டு, கள்ளச் சாராயம் உண்டு. கள்ளக் குசினி என்று ஒன்றை அன்றுதான் கேட்டேன். அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். கொஞ்சம் தளம்பிச் சிந்தியது. துடைக்கவில்லை.

"என்ன சொன்னனீ, பிள்ளை? கள்ளமோ?"

"மாமி, சொறி, அது..."

"கள்ளன் கதவைப் பூட்டுவான். என்ர கதவு திறந்தெல்லோ கிடந்தது! பனி வந்து வீட்டுக்க படுத்தது. பொலிஸ்காரன் ஒருக்கா வந்து எட்டிப் பாத்தவன், அவனுக்கும் வடை குடுத்து விட்டனான். எது கள்ளம்? பசிச்சு வந்த பிள்ளையளுக்குச் சோறு போட்டது கள்ளமோ?"

அபி பயந்து போய்த் தாளை மடித்தாள். "அப்ப எடுத்து விடுறம், மாமி. ஒண்டும் போடேல்லை."

"ஏன் எடுக்கிறாய்? போடு! என்ர பேரைப் போடு. பிலோமினா எண்டு பெரிசாப் போடு. கதவு திறந்து கிடந்தது எண்டும் போடு. கடிதம் வந்தா வரட்டும், நான் கதைக்கிறன்."

பயம் போகவில்லை, சொல்லிவிட்டு வாசற்கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பயத்தோடேயே எங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வரும்போது காரில் அபி, "நான் பிழையாத்தானே மொழிபெயர்த்தனான்?" என்று கேட்டாள். பிழைதான், ஆனால் உன் வாழ்நாளில் நீ செய்த நல்ல மொழிபெயர்ப்பு இதுதான் என்றேன்.

7

சங்கத்தை நடத்துபவர் ஜோஸ்லின் என்ற பெண்மணி. நல்ல மனிசி, நேர்மையானவர். அதனால்தான் கரைச்சல். ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தில் இல்லையென்றால் வாய்மொழிச் சாட்சி இருந்தால் பதிவு செய்யலாம், யாராவது ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றார்.

ஒருவரா? நான் குலத்துக்குத் தொலைபேசி அடித்தேன். குலம் லவாலில் இருப்பவனுக்கு அடித்தான். அவன் இன்னொருவனுக்கு. குறித்த நாளில் சங்கத்தின் சின்ன அறை நிறைந்து, நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த நாளில் ஒட்டி உலர்ந்த பெடியன்களாக இருந்தவர்கள் இப்போது மொட்டைத்தலையும் வண்டி வயிறும் முழங்கால் வலியுமாக வந்திருந்தார்கள். ஒருவன் மருந்துக்கடை முதலாளி, ஒருவன் இன்னும் சமையல்காரன், ஒருவன் பேரப்பிள்ளையைக் கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தான்.

"இங்கே யாரெல்லாம் அவர் கையால் சாப்பிட்டவர்கள்?" என்று ஜோஸ்லின் பிரெஞ்சில் கேட்டார். எல்லாக் கைகளும் மேலே போயின.

அபி ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாள். ஒவ்வொருவராகச் சொன்னோம். அகதி விசாரணையில் எத்தனையோ தரம் அதிகாரிகளுக்கு முன்னால் இருந்து சாட்சி சொன்னவர்கள் நாங்கள். அப்போது எங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்புவார்களா என்று அவர்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். இந்த முறை எவனும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. பீட்ரூட் இலை வறையைப் பற்றிக் குலம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதவர்கள் என்று எங்களைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளலாம்.

ஜோஸ்லின் எழும்பி நின்று, போதும், பெயரைப் போடுகிறேன் என்றார். "கிளாந்தெஸ்தின்?" என்று நான் கேட்டேன். அதை எடுத்துவிடுகிறேன் என்றார். அதற்குப் பதில் என்ன போடலாம் என்று அபியைப் பார்த்தார். அபி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"குசினி. அப்படியே குசினி. வாசிக்கிற எல்லாருக்கும் விளங்கும்."

இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. எண்கள் எல்லாம் ஏற்கெனவே சுவர்களில் பதித்தாகிவிட்டன. அக்காவின் வீடு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வருகிறது. ஜோஸ்லின் பென்சிலால் மேசையில் தட்டி யோசித்தார், பிறகு சிரித்தார். மொன்றியலில் அரைக்கு என்ன பஞ்சம், வீடுகளிலேயே அரை இருக்கும்போது தரிப்பில் இருக்கக் கூடாதா, ஏழரை என்று போடுவோம் என்றார்.

குலம் என்னைப் பார்த்தான். நான் குலத்தைப் பார்த்தேன். அறை முழுக்க ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தது. ஏழரைச் சனியை ஒரு பிரெஞ்சுக்காரிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அபி கூட ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு எண் வேண்டுமா என்று ஜோஸ்லின் கவலையோடு கேட்டார். வேண்டாம் மடாம், இதைவிடப் பொருத்தமான எண் எங்களுக்குக் கிடைக்காது என்றேன்.

7½

திறந்து வைத்த அன்று வெயில். விழா என்று பெரிதாக ஒன்றுமில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் தாங்களாகவே நடந்து வந்தார்கள். அந்தப் பேஸ்மென்டில் இப்போது ஒரு பங்களாதேஷ் குடும்பம் இருக்கிறது. வாசலில் சின்னச் சின்னச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே எதையோ தாளிக்கும் மணம் படியேறி வந்தது.

பிலோமினா அக்காவை நானும் ரஞ்சியும் கூட்டி வந்தோம். நல்ல சேலை, தள்ளிக்கொண்டு நடக்கும் சில்லு வண்டி. பலகைக்கு முன்னால் நின்று, முதலில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிலோமினாவின் குசினி. அபி பக்கத்தில் நின்று கீழே இருந்ததைத் தமிழில் சொன்னாள். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் வீட்டிலேயே என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பசித்து வந்தவர்கள் இங்கே சாப்பிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது.

முன்னோடி என்று ஓரிடத்திலும் இல்லை. அக்காவைக் கேட்டபோது, "அதென்ன, ஓட்டப் பந்தயமே?" என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார்.

முதுகில் பையோடு ஒரு இளம் சோடி வந்து நின்று பலகையை வாசித்தது. அந்தப் பெண் அபியிடம், இந்த அம்மா இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள். அபி பேசாமல் அக்காவைக் காட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் மேலே எண்ணில் நின்றது.

"உதென்ன நம்பர், தம்பி?"

போற சனியனைக் கூப்பிடாதை என்று சொன்ன மனிசி. "ஏழரை, அக்கா," என்றேன். "நடுவில இடம் இல்லாமல் போச்சு. வேணுமெண்டால் மாத்தச் சொல்லுறம்."

ஒரு கணம் பலகையையே பார்த்தார். பிறகு பழைய பேஸ்மென்ட் கதவைப் பார்த்தார். அது அன்றைக்கும் கொஞ்சம் திறந்துதான் கிடந்தது. அகப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு, தோள் குலுங்க வந்தது.

"மூண்டரையில இருந்தவளுக்கு ஏழரை தந்திருக்கிறாங்கள். ஏன் மாத்திறாய்? வேதக்காரிக்கு என்னடா சனி? வந்தா வரட்டும். கதவு திறந்துதானே கிடக்கு, அவருக்கும் ஒரு கோப்பை சோறு போட்டு அனுப்புவன்."